நான்காவது பொட்டு

எக்ஸ்ரே அறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமார்களுக்கும் தங்கைமார்களுக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள், இரண்டு பக்கம் போதும் என்று என்னிடம் கேட்டார்கள். என் வேலையை இரண்டு பக்கத்தில் சொல்லி முடிக்கலாம் என்று நினைப்பவர் என்னோடு வேலை பார்த்தவராக இருக்க முடியாது. ஆகவே நீளமாகத்தான் எழுதியிருக்கிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கிள்ளானுக்கு வெளியே ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன். பிறகு பிரிக்ஃபீல்ட்ஸில், பல் டாக்டர்களின் எக்ஸ்ரே பெட்டிகளைப் பழுதுபார்க்கும் ஒரு கடையில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தேன். சில வருடங்களில் அந்தக் கடையில் என்னைக் கேட்காமல் ஒரு திருகாணியையும் யாரும் கழற்றவில்லை. எழுபதுகளின் கடைசியில் அம்பாங்கிலிருந்து கிள்ளான் வரை எங்கே ஓர் எக்ஸ்ரே பெட்டி படுத்துக்கொண்டாலும் "மாணிக்கத்தைக் கூப்பிடு" என்பார்கள். வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறி வந்த பொறியாளர்கள் கைவிட்ட பெட்டிகளை நான் எழுப்பி ஓடவிட்டிருக்கிறேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். உழைத்துச் சேர்த்த பெருமையை ஒளித்து வைக்க நான் என்ன திருடியா வந்தேன்?

இப்போது எழுதப் போவது பெட்டியைப் பழுதுபார்த்த கதை இல்லை. அந்தப் பெட்டியில் ஒரு பழுதும் இருக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் கோலாலம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு எக்ஸ்ரே அறையைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எனக்கு முன்னால் அந்த அறையில் இருந்த பெரியவர் மாரடைப்பில் திடீரென்று போய்விட்டிருந்தார். அங்கே டாக்டர் யோகேஸ்வரி பாம்பு விஷத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். நம் காட்டில் இருக்கும் குழிவிரியன் கடித்தால் இரத்தம் உறையாது. அந்த வேலையைச் செய்யும் புரதம் ஒன்று விஷத்துக்குள் இருக்கிறது; அதன் உருவம் தெரிந்தால், இரத்தம் கட்டிக்கொண்டு சாகிறவர்களுக்கு அதிலிருந்து மருந்து செய்யலாம் என்பது அவருடைய கணக்கு.

புரதத்தின் உருவத்தை எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. அதை உப்புத் தண்ணீரில் கலந்து, சொட்டுச் சொட்டாகத் தொங்கவிட்டு, குளிர் அறையில் அசையாமல் வைக்க வேண்டும். அதற்கு மனமிருந்தால் கற்கண்டு போலப் படிகமாகும். கடுகில் கால்வாசி பெரிய கற்கண்டு. அந்தப் படிகத்தின் மேல் எக்ஸ்ரேயை விட்டால், பின்னால் இருக்கும் ஃபிலிமில் புள்ளி புள்ளியாக விழும். புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டு உருவத்தைக் கண்டுபிடிப்பார்கள். கணக்கு எனக்குத் தெரியாது. புள்ளியை விழவைக்கத் தெரியும்.

ஆனால் எங்கள் பெட்டி இந்த வேலைக்குக் காணாது. ஒரு படம் எடுக்கவே ஒரு பகல் போய்விடும். அதுவும் மங்கலாக இருக்கும். ஜப்பானில் சின்க்ரோட்ரான் என்று ஒன்று கட்டியிருந்தார்கள். ஒரு பந்து மைதானத்தைச் சுற்றி வரும் அளவுக்குப் பெரிய வளையக் குழாய். அதற்குள் எலெக்ட்ரான்கள் சுற்றிச் சுற்றி ஓடும். வளைந்து திரும்பும் இடத்திலெல்லாம் எக்ஸ்ரேயை உதறிவிட்டுப் போகும். எங்கள் பெட்டியின் கதிர் மண்ணெண்ணெய் விளக்கு என்றால் அது நடுப்பகல் வெயில். டாக்டர் பல தடவை கேட்டுக் கேட்டு, ஒரு தடவை இடம் கொடுத்தார்கள். அவர்கள் சொன்ன நாளில் படிகங்களோடு அங்கே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அடுத்த முறை எப்போது வருமோ. அதற்குள் இந்த ஆராய்ச்சியையே மூடிவிடுவோம் என்று எங்கள் மேலிடம் சொல்லியிருந்தது.

டாக்டரோடு போக வேண்டியவர் லியூ. கிள்ளானில் தமிழர் வீடுகளுக்கு நடுவே வளர்ந்த சீனர். படிகம் வளர்ப்பதும், வளர்ந்ததை எடுத்துக் கண்ணாடிக் குழலில் ஏற்றுவதும் அவர் வேலை. அந்தக் குழல் தென்னங்குச்சியைவிட மெலிது. அதன் சுவர் வெங்காயச் சருகு. படிகத்தோடு ஒரு சொட்டுத் தண்ணீரையும் உள்ளே விட்டு இரண்டு முனையையும் மெழுகால் அடைக்க வேண்டும். காய்ந்தால் படிகம் செத்துவிடும். லியூ அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டிக்கொண்டே கதை பேசுவார். அவர் ஒரு குழலை உடைத்து நான் பார்த்ததில்லை. என் கையைப் பற்றி எனக்கு எவ்வளவு பெருமை என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அப்படிப்பட்ட நானே சொல்கிறேன், அது வேறு கை.

பயணத்துக்குச் சில நாள் இருக்கும்போது ஆயுத பூஜை வந்தது.

கருவி வைத்திருக்கிற தமிழன் அன்றைக்கு அதற்கு ஓய்வு கொடுத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பான். எங்கள் பெரியவர் காலத்திலிருந்தே அந்த அறையில் பூஜை உண்டு. அவர் போன பிறகு வந்த முதல் பூஜை இது. டாக்டர் சம்மதித்தார், பெட்டியை அணைக்க மட்டும் சம்மதிக்கவில்லை.

"பூஜையன்னிக்குப் பெட்டி வேலை செய்யக் கூடாது டாக்டர்," என்றேன்.

"வேலை செய்யல்ல அண்ணன். உள்ளுக்குள்ள எரியிது, ஷட்டர் மூடிக் கிடக்குது, வெளிய ஒண்டும் வராது. ட்யூப் கிழண்டு போச்சு. அணைச்சால் திரும்ப எழும்புமோ தெரியாது. புதுசு இன்னும் கப்பலில."

அறையைக் கூட்டித் துடைக்கும் மாரியாயி அக்கா, கம்போங் மேடானிலிருந்து வருபவர், தேங்காயைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அப்ப சாமியும் கண்ண மூடாம முழிச்சிக்கிட்டு இருக்கட்டும். நாம மட்டும் பொரி தின்னுட்டுத் தூங்குவோம்."

டாக்டர் சொன்னது சரியான பேச்சு. அந்தப் பழைய பெட்டியில் கதிர் வெளியே வரும் வாயின் உதட்டில் ஒரு பித்தளை முனை நீட்டிக்கொண்டிருக்கும். படிகத்தையும் ஃபிலிமையும் ஏந்தும் காமிராவைத் தள்ளி வாயோடு பொருத்தும்போது அதன் மூக்கு அந்த முனையை உள்ளே அழுத்தும். அழுத்தினால் ஷட்டர் திறக்கும். காமிராவை இழுத்துவிட்டால் ஸ்பிரிங் மூடிவிடும். காமிரா இல்லாமல் திறக்காத வாய் என்று அதைப் பெரிய காவலாக எல்லோரும் நம்பியிருந்தோம். பூஜைக்காகக் காமிராவைத் துடைத்துத் தனியே எடுத்து வைத்திருந்தோம். அடுத்த படத்துக்கான ஃபிலிம் கறுப்புக் காகித உறைக்குள், வாய்க்கு எதிர்த்த மேசையில் சுவரோடு சாய்ந்திருந்தது.

நான், டாக்டர், மாரியாயி அக்கா, மூன்று பேரும் பெட்டியின் நெற்றியில் ஆளுக்கொரு பொட்டு வைத்தோம். பூக்கட்டி, தேங்காய் உடைத்து, பொரியை எடுத்துக்கொண்டு கீழே சாப்பிடப் போனோம்.

மறுநாள் அந்த ஃபிலிமைக் காமிராவில் போட்டு, ஒரு படிகத்தை ஏற்றிப் படம் எடுத்தோம். மாலையில் டாக்டர் இருட்டறையில் ஃபிலிமைக் கழுவ, நான் பக்கத்தில் நின்றேன். சிவப்பு விளக்கின் அடியில், தட்டில் கிடந்த ஃபிலிமில் புள்ளிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. அது எப்போதும் நான் பார்க்கும் காட்சிதான். அன்றைக்குப் புள்ளிகளுக்குப் பின்னால் வேறொன்றும் எழுந்தது. முதலில் புகை போல. பிறகு கறுப்பு நிலா ஒன்று. அந்த நிலாவுக்குள், கீழிருந்து மேலே நீட்டிக்கொண்டு, வெள்ளையாக ஒரு விரல்.

அது மனித விரலின் அளவில் இல்லை. என் உள்ளங்கையை அதன் மேல் வைத்தாலும் அது மறைந்திருக்காது, அவ்வளவு அகலம். எலும்பு இல்லை, ரேகை இல்லை. நுனி மட்டும் வழவழவென்று உருண்டிருந்தது.

டாக்டர் இடுக்கியைக் கீழே வைத்தார். "அண்ணன், இது என்னது?"

நான் தட்டின் மேல் குனிந்து இன்னொரு முறை பார்த்தேன்.

ஃபிலிமை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தோம். மாரியாயி அக்கா துடைப்பத்தோடு வந்து எட்டிப் பார்த்தார். பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"பெரியவரு கைதான் தம்பி அது," என்றார்.

"எந்தப் பெரியவரு?"

"உனக்கு முன்னாடி இருந்தவரு. நெத்தியில வைக்க மாட்டாரு அவரு. பெட்டி வாயிலதான் வைப்பாரு பொட்டு. இந்த வருசம் யாரும் அங்க வைக்கல இல்ல? அதான் அவரே வந்து வச்சிட்டாரு."

சிரிப்பு வரவில்லை யாருக்கும். மூன்று பேரும் பெட்டி அருகே போனோம். நெற்றியில் மூன்று பொட்டு, நாங்கள் வைத்தவை. கீழே வாயின் உதட்டில், பித்தளை முனையின் மேலேயே, நான்காவதாக ஒரு பொட்டு காய்ந்து கிடந்தது. காலையில் காமிராவின் மூக்கு பட்டு அதில் ஒரு பக்கம் உதிர்ந்திருந்தது. காமிராவைப் பொருத்திய நான் அதைக் கவனித்தும், எங்களில் ஒருவர் வைத்தது என்று துடைக்காமல் விட்டிருந்தேன். பூஜைப் பொட்டை யார் துடைப்பார்கள்?

தம்பிமார்களே, இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். அன்றைக்கு அந்த அறையில் பேய் இருந்திருந்தால் எல்லோருக்கும் வசதி. செத்தவர் வந்தார், பொட்டு வைத்தார், போனார். ஒரு கற்பூரம் ஏற்றினால் முடிந்தது. டாக்டர் ஜப்பானுக்குக் கிளம்பலாம், நான் வீட்டுக்குப் போகலாம். அந்தக் கதையை நம்ப எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். ஆனால் எக்ஸ்ரே அறையில் பேயை நம்பினால் ஓர் ஆபத்து உண்டு. பேய்தான் என்று முடிவு கட்டிவிட்டால் மனிதனைத் தேட மாட்டோம்.

விளக்குக்குப் பக்கத்தில் விரலை வைத்தால் சுவரில் அது பூதமாக விழும். இது குழந்தைக்கும் தெரியும். அப்படியென்றால், பெட்டியின் வாயை ஒட்டி ஓர் உயிருள்ள விரல் இருந்திருக்கிறது. எதிர்ச் சுவரில் சாய்ந்திருந்த ஃபிலிமில் அதன் நிழல் விழுந்திருக்கிறது. அந்த விரலே முனையை அழுத்தி ஷட்டரைத் திறந்திருக்கிறது. விரலை எடுத்தவுடன் ஷட்டர் மூடிக்கொண்டது. விரல் அங்கே இருந்த நேரம் மட்டும் வாய் திறந்திருந்தது. வாயை ஒட்டி வருகிற கதிர் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள். சுடாது, வலிக்காது, மணக்காது. தோல் பிறகுதான் பேசும். அது பேசும்போது உள்ளே சதை செத்திருக்கும்.

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் விரல்களைப் பார்த்தேன். அக்கா தன் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

"காட்டுங்க அக்கா."

"நான் நெத்தியிலதான் வச்சேன், சத்தியமா."

"சத்தியம் வேணாம். விரலக் காட்டுங்க."

மூன்று பேரும் ஜன்னலோரம் நின்று ஒருவர் கையை ஒருவர் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததால் ஒன்றும் நிச்சயமாகவில்லை. அந்த அறைக்கு வேறு யார் வந்தார்கள்? கீழே காவலுக்கு இருக்கும் பாக்சிக் வருவார். மலாய்க்காரர், முஸ்லிம், பொட்டு வைக்க மாட்டார்.

நான்காவது பொட்டைக் கிட்டத்தில் குனிந்து பார்த்தபோதுதான் எங்களுக்கு அது புரிந்தது. நான்தான் முதலில் கண்டுபிடித்தேன் என்று இன்றுவரை சொல்லிவருகிறேன். மாரியாயி அக்கா வேறு மாதிரி சொல்வார். சாமிக்கும் ஆயுதத்துக்கும் நாம் மோதிர விரலால் தொட்டு வைப்போம். பூ உட்காருகிற மாதிரி. அந்தத் தொடுகைக்குப் பித்தளை முனை அசையாது. பெரியவர் எத்தனையோ வருடம் அங்கே வைத்தும் எதுவும் ஆகாததற்கு, பெட்டி அணைந்திருந்தது ஒரு காரணம் என்றால் இது இன்னொன்று. இந்தப் பொட்டு அப்படி இல்லை. அகலமாக, நசுங்கி, ஓரம் பிதுங்கியிருந்தது. கட்டைவிரலால் ஓங்கி அழுத்தி வைத்தது. கடைக்காரர் பில்லில் முத்திரைச் சாப் குத்துகிற மாதிரி.

"நம்ம ஆளு வச்சது இல்ல தம்பி இது," என்றார் அக்கா மெதுவாக.

எங்கள் பண்டிகை என்று நாங்கள் லியூவைக் கூப்பிடவே இல்லை. ஒவ்வொரு வருடமும் பூஜை முடிந்து ஒரு பொட்டலம் பொரி கொண்டுபோய்க் கொடுப்பார்களாம். நன்றி சொல்லி வாங்கிக்கொள்வாராம். நாங்கள் கீழே போன பிறகு அந்த அறைக்குள் அவர் வரக்கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை நானும் டாக்டரும் நுண்ணோக்கி அறைக்குப் போனோம். லியூ பயணத்துக்கான குழல்களை அடுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் உறை.

"என்னா பாஸ், காலையிலேயே ரெண்டு பேரும் சேர்ந்து? சம்பளம் ஏத்தப் போறீங்களா?"

"உறையக் கழட்டு லியூ," என்றேன்.

"குளிருதுலா அண்ணே."

"கழட்டு."

கழற்றினார். வலது கட்டைவிரலின் நகக்கண்ணில் குங்குமம் மிச்சமிருந்தது. நுனி கொஞ்சம் உப்பியிருந்தது, அவ்வளவுதான். வெயிலில் நடந்து வந்தவர் முகச் சிவப்புகூட அதில் இல்லை.

டாக்டர் ஃபிலிமை அவர் முன்னால் வைத்தார். லியூ வெகுநேரம் பார்த்தார். அந்த வெள்ளை விரல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பெரியவரு எப்பவும் அங்கதான் வைப்பாரு," என்றார். "இந்த வாட்டி யாரும் வைக்கல. ஜப்பான் போறோம்லா, கிரிஸ்டல் நல்லா வரணும். அவருக்காக நான் வச்சேன். பூஜைன்னா பெட்டிய அணைச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"எவ்வளவு நேரம் அழுத்தினீர்?" என்றார் டாக்டர்.

"மனசுல வேண்டிக்கிட்டே வச்சேன் டாக்டர். வேண்டி முடிக்கிற வரைக்கும்."

குளிர்ப்பெட்டியின் மோட்டார் ஓடி நின்றது.

"சாகிட் ஒன்னும் இல்ல," என்று விரலை மடக்கி நீட்டிக் காட்டினார். "பாருங்க, வலியே இல்ல. போயிட்டு வந்து ஆஸ்பத்திரியில காட்டிக்கிறேன். இத்தனை வருசம் இந்தச் சொட்டுங்களப் பிள்ள மாதிரி பாத்திருக்கேன் அண்ணே. கடைசியில நான் போகலைன்னா எப்படி?"

நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஓடியதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். லியூ இல்லாமல் படிகம் ஏற்ற ஆளில்லை. படிகம் இல்லாமல் பயணம் இல்லை. பயணம் இல்லாவிட்டால் அவருடைய இத்தனை வருட வேலை ஒரு அலமாரிக்குள் போய்விடும். எதிரில் நிற்கிறவரோ வலி இல்லை என்கிறார், விரலிலும் ஒன்றும் தெரியவில்லை. "விரல் நல்லாத்தான் இருக்குது போல," என்று டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் குரலைத் தானே கேட்டவர் மாதிரி நின்றார்.

நான் கத்தவில்லை. கத்துவேன் என்றுதான் இரண்டு பேரும் எதிர்பார்த்தார்கள்.

"சரி லியூ. வலி இல்லன்னா ஒன்ன ஏத்திக் காட்டு."

லியூ சிரித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு படிகத்தைக் குழலுக்குள் உறிஞ்சினார். நுண்ணோக்கியின் பக்கக் குழாயில் டாக்டர் கண்ணை வைத்திருந்தார். லியூ குழலை இரண்டு விரலுக்கு நடுவில் எடுத்து, மெழுகை நோக்கி உருட்டினார். சின்னதாக ஒரு சத்தம். காய்ந்த இலை மேல் எறும்பு ஏறினால் கேட்குமானால் அப்படி இருக்கும்.

குழல் நசுங்கியிருந்தது. லியூ இன்னும் உருட்டிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியவே இல்லை.

"லியூ," என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடித் தூள் கட்டைவிரலில் குத்தி நின்றது. அவர் அதை உணரவில்லை. டாக்டர் கண்ணை எடுக்காமல் நுண்ணோக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். தண்ணீர் போய்விட்ட படிகம், உள்ளேயிருந்து யாரோ கீறுவது போல, ஒரு கோடு, குறுக்கே இன்னொரு கோடு என்று விரிசல் விட்டது. கண்ணாடியாக இருந்தது பாலாக மாறியது. பிறகு அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

"எனக்கு விரல் எங்க இருக்குன்னே தெரியல டாக்டர்," என்றார் லியூ. அப்போதுதான் முதன்முறையாகப் பயந்தார்.

டாக்டர் எழுந்து போய்த் தொலைபேசியை எடுத்தார். பயணம் முடியும்வரை சத்தம் போடாமல் இருங்கள் என்று மேலிடத்திலிருந்து ஒருவர் சொன்னது எனக்கே கேட்டது. டாக்டர், "சத்தம் போட்டாச்சு," என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டு, கார் சாவியை எடுத்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு விரலை அவர்கள் பார்த்ததில்லை. கையோடு ஃபிலிமையும் கொண்டுபோனது நல்லதாயிற்று. இல்லாவிட்டால் களிம்பு தடவி அனுப்பியிருப்பார்கள். லியூவை உள்ளே படுக்க வைத்துக் காத்திருந்தார்கள். அவருடைய கட்டைவிரல் தனக்கு நடந்ததைத் தெரிந்துகொள்ளக் காத்திருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜப்பானுக்கு யார் போனது என்று கேட்பீர்கள். ஆறாம் வகுப்பு மாணிக்கம்தான் போனான். லியூவின் கட்டில் பக்கத்தில் நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு, அவர் வாயால் சொல்லச் சொல்ல நான் குழல் ஏற்றப் பழகினேன். "மூச்ச விடாத அண்ணே. உன் கை பெட்டி தூக்கற கை, இங்க அது வேணாம்," என்று திட்டுவார். மற்ற நோயாளிகள் வேடிக்கை பார்த்தார்கள். நான் நாசமாக்கிய படிகங்களை எண்ணிச் சொல்லப் போவதில்லை. மிச்சமிருந்ததை ஒரு தெர்மோஸுக்குள் பஞ்சு வைத்து, சுபாங் விமான நிலையத்திலிருந்து ஜப்பான் வரை மடியைவிட்டு இறக்காமல் கொண்டுபோனேன்.

அந்த வளையத்துக்குள் கூட்டம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். நீளமான கூடத்தில் ஒரு மனிதரையும் காணோம். தரையிலிருந்து ஒரு முனகல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. சில நேரம் என் பற்களில் கேட்டது. நம் படிகத்தை வைப்பதற்கு ஈயத்தால் சுவர் வைத்த ஓர் அறை. படிகத்தை வைத்துவிட்டு நாங்கள் வெளியே வந்ததும், அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் மட்டும் உள்ளே திரும்பிப் போனார். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். கதவுக்குப் பின்னால் பார்த்தார். மூலையில் இருந்த ஒரு பொத்தானை அழுத்தினார். வெளியே வந்து இன்னொன்றை அழுத்தினார். சங்கு ஊதியது. பிறகுதான் கதவு பூட்டிக்கொண்டது, கதிர் திறந்தது.

"யாரைத் தேடுறாங்க டாக்டர்? நாமதான் வெளிய வந்துட்டோமே," என்றேன்.

"யாரும் இல்லை எண்டு தெரிஞ்சாலும் தேட வேணும் அண்ணன். அதுதான் இங்கத்தைய முறை."

எங்களுக்குப் படம் கிடைத்தது. எங்கள் பெட்டி ஒரு பகல் முழுக்க முக்கி எடுப்பதை அந்தக் கதிர் ஒரு தேநீர் குடிப்பதற்குள் எடுத்தது. புள்ளிகள் ஃபிலிமின் ஓரம் வரைக்கும் ஊசி குத்தியது போல் இருந்தன. டாக்டர் அழுதார். நான் படிகத்தை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். கதிர் போன இடம் மட்டும் பழுப்பாக, தேன் நிறத்தில், ஒரு துளை போலத் தெரிந்தது. சுற்றிலும் படிகம் சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு அந்த நாட்டில் சோறு இறங்கவில்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது லியூவின் விரல் கொப்பளித்துக் கறுத்திருந்தது. முதல் கணு வரைக்கும் எடுத்தார்கள். இன்னும் தாமதமாக வந்திருந்தால் கையைப் பற்றியும் பேச வேண்டியிருந்திருக்கும் என்றார் அறுத்த டாக்டர். விழித்ததும் லியூ என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எத்தன கிரிஸ்டல் ஒடச்ச?" என்பதுதான்.

அவர் வேலைக்குத் திரும்பினார். இடது கையால் குழல் ஏற்றப் பழகிக்கொண்டார். அதிலும் என்னைவிட நன்றாகச் செய்தார் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன், எழுத்தில் ஒருமுறை போதும். பெட்டி வாயின் பித்தளை முனைக்கு நான் ஒரு மூடி செய்து போட்டேன். கதிரைத் திறக்கும் முன் ஒருவர் அறைக்குள் போய்க் குனிந்து நிமிர்ந்து ஆள் தேடிவிட்டு வரும் வழக்கத்தையும் கொண்டுவந்தேன். வெட்டி வேலை என்று சிரித்தவர்கள் உண்டு. சிரித்துக்கொண்டே தேடுங்கள் என்றேன்.

பிறகு ஒன்று ஆரம்பித்தது. நான் உள்ளே கதிரைத் திறக்கும்போது, லியூ பக்கத்து அறையில் வேலை செய்துகொண்டே, "தொறந்துட்ட போல," என்பார். எப்படித் தெரியும் என்றால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். நுனி இருந்த இடத்தில், ஒன்றுமில்லாத காற்றில், வெயில் படுவது போல் இருக்குமாம். ஷட்டர் விழும் சத்தத்தைக் கேட்டிருப்பார் என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். என் காது இன்னும் கெட்டுப்போகாத காலம் அது. அந்தச் சத்தம் எனக்கு லியூவின் அறையில் கேட்டதில்லை.

ஒரு நாள் மதியம் பெட்டியை அணைத்துவிட்டு நாங்கள் எல்லோரும் வெளியே நின்றிருந்தோம். பெட்டி ஓடும்போது கதவுக்கு மேல் எரியும் சிவப்பு விளக்கு எரியவில்லை. உள்ளே கண்ணாடி துடைக்க மாரியாயி அக்கா வாளியோடு கதவைத் தள்ளப் போனார். லியூ பேச்சை நிறுத்தினார். வலது கையைத் தூக்கி, இல்லாத நுனியையே உற்றுப் பார்த்தார்.

"அக்கா, போகாதீங்க. தொறந்திருக்கு."

"அணைச்சாச்சு லியூ," என்றார் டாக்டர். "விளக்கப் பாரும்."

"தொறந்திருக்கு," என்றார் அவர். முகம் வெளுத்திருந்தது.

அக்கா வாளியைக் கீழே வைத்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அணைத்தது நான். என் கையால் அணைத்த பெட்டி அணையாமல் இருந்ததில்லை என்று நூறு பேரிடம் சொல்லியிருக்கிறேன். நான் கதவைத் தொடவில்லை. தாழ்வாரத்தின் கோடிக்குப் போய், அந்த மாடி முழுவதற்கும் மின்சாரம் வரும் பெரிய சுவிட்சைக் கீழே இழுத்தேன். குளிர்ப்பெட்டிகள் நின்றன, விசிறிகள் நின்றன, கட்டடம் அமைதியானது. லியூ கையை மெதுவாகத் தாழ்த்தினார்.

அன்றைக்கு அந்த வாய் உண்மையிலேயே திறந்திருந்ததா என்று இந்தக் கதையைக் கேட்ட எல்லோரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நீங்களும் கேட்பீர்கள். மின்சாரத்தை இழுத்த பிறகு அதைத் தெரிந்துகொள்ள வழி இல்லை. இழுப்பதற்கு முன் ஒரு வழி இருந்தது. அதற்கு யாராவது ஒருவர் உள்ளே போயிருக்க வேண்டும்.